‘என் கேரக்டர் அப்படித்தான்’: புது நடத்தை விதிகள் வரைவு, எல்லாரும் கருத்து சொல்லுங்க

#1 மணிக்கூண்டு (நிர்வாகி)

எல்லாருக்கும் வணக்கம். ஆளுக்கொரு கேரக்டரா மாறி, எழுதியே கதை நடத்தி விளையாடற நம்ம சர்வர் ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நடத்தை விதின்னு ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு: “பார்த்து நடந்துக்கோங்க.” பத்து பேர் விளையாடினப்ப அது போதும். இப்ப அறுபது பேர் வர்றீங்க, பாதிப் பேருக்கு மீதிப் பேர் யாருன்னே தெரியாது.

போன மாசம் நம்ம கதையில மேற்கு வாயில் முற்றுகையில நடந்ததைப் பத்தி எனக்கு ஏழு புகார் வந்துச்சு. அதுல நாலு ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். யார் என்னன்னு நான் இங்க விரிக்கப் போறதில்ல. ஆனா எதை வெச்சுத் தீர்ப்பு சொல்றதுன்னு ரெண்டு ராத்திரி முழிச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் இந்த வரைவு.

விதி 1. ஆள் வேற, கேரக்டர் வேற. ஆளா பேசும்போது (( )) போட்டுப் பேசுங்க.
விதி 2. உங்க கேரக்டர் என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதுங்க. அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆச்சுன்னு அவங்க எழுதட்டும்.
விதி 3. ஓஓசியில உங்களுக்குத் தெரிஞ்சது உங்க கேரக்டருக்குத் தெரியாது.
விதி 4. யாராவது ((நிறுத்து)) சொன்னா காட்சி அங்கேயே நிக்கும். காரணம் கேக்கக் கூடாது. “என் கேரக்டர் அப்படித்தான்” பதில் ஆகாது.
விதி 5. பாட் (ஆளுக்குப் பதிலா தானா விளையாடற நிரல்), நிஜக் காசுக்கு லூட் (ஆட்டத்துல கிடைச்ச பொருள்) விக்கிறது, ஒரே சண்டையில ரெண்டு கணக்கு: பேன், அதாவது சர்வரை விட்டுத் தடை. இதுல விவாதம் இல்ல.
விதி 6. ஜிஎம் (ஆட்டத்தை நடத்தற கேம் மாஸ்டர்) முடிவே முடிவு.

5-ஐ விட்டுட்டு மத்த எதை வேணும்னாலும் கிழிங்க.

#2 நிழல்நரி

விதி 4 இப்படியே வந்தா நான் மூட்டை கட்டிடுவேன், முதல்லயே சொல்லிடறேன்.

என் கேரக்டர் திருடன். ரெண்டு வருஷமா திருடன். ஒருத்தரோட கஜானாவுல கை வெச்ச நொடியில அவர் ((நிறுத்து)) போட்டா என்ன பண்றது? காரணமும் கேக்கக் கூடாதாம். தோக்கப் போறவன் ஆட்டத்தைக் கலைக்கிறதுக்கு நாமளே சட்டம் எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கு. வில்லன் இல்லாத ஊர்ல வீரனுக்கு என்ன வேலை? எல்லாரும் சத்திரத்துல உக்காந்து வானிலை பேசிட்டுப் போகலாம்.

#3 தேர்ச்சக்கரம்

சத்திரத்துல உக்காந்து வானிலை பேசற கேரக்டர் என்னுது. எட்டு மாசமா அதைத்தான் பண்றேன். அதுல என்ன குறை உங்களுக்கு.

#4 நிழல்நரி

உங்களைச் சொல்லல அக்கா 😄 உங்க மூட்டையில ஏற்கெனவே மூணு தடவை கை வெச்சிருக்கேன், நீங்கதான் கவனிக்கல.

#5 பழைய_பூட்டு

எழுத்து மட்டுமே இருந்த காலத்திலிருந்து இந்த விளையாட்டுகளில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு சொல்லும் இக்கட்டு புதிதல்ல. பலர் சேர்ந்து எழுத்தாலேயே விளையாடும் உலகத்துக்கு மட் என்று பெயர். முதல் மட் 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதியது. அந்த வகை உலகங்களில் ஒன்றுதான் லாம்டாமூ. பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் தொடங்கினார். அங்கே நிர்வாகிகளுக்கு ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். 1992 கடைசியில் அவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள்: இனி தொழில்நுட்ப வேலை மட்டும்தான் பார்ப்போம், உங்களுக்குள் வரும் சண்டைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது.

சில மாதங்களிலேயே, 1993-ல், மிஸ்டர் பங்கிள் என்ற கேரக்டர் கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது ஒரு பொம்மை நிரலை எடுத்து ஓட்டினான். அந்த நிரல் அடுத்தவர் கேரக்டர்கள் செய்வதுபோல வரிகளை அச்சிடும். அதை வைத்து அங்கிருந்தவர்களின் கேரக்டர்களை, அவர்கள் கண்முன்னாலேயே, ஆபாசமான வதைகளைச் செய்யவும் அனுபவிக்கவும் வைத்தான். பெரிய ரகளை. ஊர் கூடி மணிக்கணக்காகப் பேசினார்கள். அவனை அழிக்க வேண்டும் என்றார்கள் சிலர், எந்த விதிப்படி என்றார்கள் சிலர். முடிவு கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாக உட்கார்ந்து யோசித்து, அந்தக் கேரக்டரைத் தானே அழித்துவிட்டார். கர்ட்டிஸ் ஊர் திரும்பி வந்த பிறகுதான் மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையையே ஏற்படுத்தினார். பத்திரிகையில் வந்து உலகமே பேசியது.

இரண்டு விஷயங்களுக்காக இதைச் சொன்னேன். ஒன்று, விதி இல்லாத இடத்தில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. யாரோ ஒருவர் நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பார், அவ்வளவுதான். மணிக்கூண்டு இரண்டு ராத்திரி விழித்திருந்ததும் அதுதானே. இரண்டாவது, பங்கிள் செய்ததை இன்னொரு முறை பாருங்கள். அடுத்தவர் கேரக்டரின் கையையும் வாயையும் அவன் எழுதினான். நம் வரைவில் அது விதி 2. புதியவர்கள் அதை ஏதோ எழுத்து நாகரிகம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பட்டியலிலேயே மூத்த விதி அது.

#6 சாம்பல்பறவை

வந்து மூணு நாள்தான் ஆச்சு. ஓஓசின்னா என்ன? எல்லாரும் சொல்றீங்க.

#7 தேர்ச்சக்கரம்

வாங்க வாங்க. ‘அவுட் ஆஃப் கேரக்டர்’. நீங்க நீங்களா பேசறது. ஐசின்னா உங்க கேரக்டர் வாயால பேசறது. விதி 2-க்கும் உதாரணம் சொல்லிடறேன், நானே முதல் வாரத்துல வாங்கிக் கட்டிக்கிட்டேன். “வாளை அவன் கழுத்தை நோக்கி வீசினாள்” சரி. “வாளை வீசி அவன் கழுத்தை வெட்டினாள்” தப்பு. கழுத்து அவனோடது. விலகினானா, வெட்டுப்பட்டானான்னு அவன் எழுதுவான், இல்ல பகடை சொல்லும்.

#8 சாம்பல்பறவை

ஐயோ. நேத்து ஒருத்தரை ஆத்துல தள்ளி முழுகடிச்சுட்டேன். அவர் ஒண்ணுமே சொல்லல.

#9 இரும்புக்கொக்கி

அது நான்தான். நீந்தி வந்துட்டேன், கவலைப்படாதீங்க.

#10 கடைசிக்கோட்டை

நிழல்நரிக்கு என் ஆதரவு. அல்டிமா ஆன்லைன்ங்கிற ஆட்டத்தோட கதையை ஞாபகப்படுத்தறேன். 1997-ல வந்தப்ப ஊருக்கு வெளிய யாரும் யாரையும் கொல்லலாம். கொலைகாரன் பேரு சிவப்பா தெரியும். காட்டுப் பாதையில போறதே திகில். வேட்டைக்காரங்க, அவங்களை வேட்டையாட ஒரு கும்பல், காவலுக்குக் கூலிப்படை, எல்லாம் ஆட்டக்காரங்களே உண்டாக்கினது. 2000-ல உலகத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. ட்ராமெல்ல ஒத்துக்கிட்டாத்தான் சண்டை, ஃபெலுக்கால பழையபடி. ஃபெலுக்கா காலியாச்சு. அந்தத் திகில் திரும்ப வரவே இல்ல.

#11 பழைய_பூட்டு

காலியானது என்கிறீர்களே, ஏன் காலியானது? கதவு திறந்ததும் பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான பக்கம் நடந்தே போய்விட்டார்கள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. திகில் உங்களுக்கு இருந்தது, இரையாக இருந்தவர்களுக்கு வேறு ஏதோ இருந்திருக்கிறது.

#12 கடைசிக்கோட்டை

ஒத்துக்கறேன். ஆனா இரை போனதும் வேட்டைக்காரனும் போயிட்டான், காவல்காரனும் போயிட்டான். அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

#13 வெண்கலவால்

ஒரு மாசம் கழிச்சு உள்ள வர்றேன். மேற்கு வாயில்ல கட்டிப்போட்டிருந்தது என் கேரக்டரை. மணிக்கூண்டு பேர் சொல்லாம விட்டதுக்கு நன்றி, நானே சொல்லிடறேன். ஏன்னா மேல எல்லாரும் வேற ஏதோ நடந்த மாதிரி பேசிட்டு இருக்கீங்க.

எனக்குச் சித்திரவதைக் காட்சி பிரச்சினையே இல்ல. நானே எழுதியிருக்கேன், கேரவன் கதையில அந்த ஒத்தைக்கண் தளபதியை நான்தான் எழுதினேன். அன்னிக்கு என்னைக் கட்டினது, விசாரிச்சது, தண்ணியில முக்கினது, எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ரசிச்சுத்தான் எழுதிட்டு இருந்தேன்.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஓஓசி சாட்ல எங்க வீட்டுல ஒரு சாவு நடந்ததைச் சொல்லியிருந்தேன். சில நாள் வர மாட்டேன்னு சொல்றதுக்காக. கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லன்னும் சொன்னேன். அன்னிக்கு விசாரணை நடுவுல, விசாரிச்சுட்டு இருந்த கொடுங்கோலன் கேரக்டர் என் கேரக்டர்கிட்ட சொல்றான்: “உன் தகப்பன் கடைசி மூச்சில் உன்னைத் தேடினான். நீ எங்கே இருந்தாய்?” என் கேரக்டருக்குத் தகப்பனே கிடையாது. அநாதைன்னு அறிமுகத்துலயே எழுதியிருக்கேன்.

((நிறுத்துங்க))னு போட்டேன். “கெஞ்சுகிறாயா” அப்படின்னு ஐசியில பதில் வந்துச்சு. மறுபடி போட்டேன். “என் கேரக்டர் அப்படித்தான், பொறுத்துக்கோங்க”ன்னு வந்துச்சு. லாக் அவுட் பண்ணிட்டேன்.

இது வன்முறை அதிகமா கம்மியாங்கிற பிரச்சினை இல்ல. விதி 3 கேரக்டருக்கு என்ன தெரியும்னு மட்டும்தான் பேசுது. என் வாழ்க்கையில இருந்து ஒண்ணை எடுத்து கேரக்டர் கையில ஆயுதமா கொடுக்கிறதைப் பத்தி அதுல ஒரு சொல் இல்ல. அந்த வரியை எந்தக் கேரக்டரும் பேசல. ஒரு ஆள் இன்னொரு ஆள்கிட்ட பேசினது அது.

#14 தேர்ச்சக்கரம்

❤️

#15 நிழல்நரி

எனக்கு இது தெரியாது. தோத்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னுதான் கில்டுல (எங்க அணியில) பேச்சு. அதை நானும் ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். மன்னிச்சுக்கோங்க.

மூட்டை கட்டுவேன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா என் கேள்வி இன்னும் அங்கேயேதான் நிக்குது, அதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த தடவை ((நிறுத்து)) போடறது நீங்களா இருக்க மாட்டீங்க. கஜானாக்காரரா இருப்பாரு. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

#16 இரும்புக்கொக்கி

நான் வாராவாரம் நேர்ல, மேசையைச் சுத்தி உக்காந்து இதே மாதிரி கேரக்டர் ஆட்டம் நடத்தறவன். அங்க இதுக்கு வழி இருக்கு. ஆட்டங்களை வடிவமைக்கிற ரான் எட்வர்ட்ஸ் 2003-ல எழுதினது: கோடு, திரை. கோடுன்னா நம்ம கதையில அந்த விஷயம் வரவே வராது. திரைன்னா வரும், ஆனா காட்ட மாட்டோம், திரையைப் போட்டு அடுத்த நாள் காலைக்குப் போயிடுவோம். அப்புறம் ஜான் ஸ்டாவ்ரொபுலோஸோட எக்ஸ் கார்டு. மேசை நடுவுல ஒரு அட்டை கிடக்கும், யாராவது தொட்டா அந்த விஷயத்தைக் கதையில இருந்து எடுத்துட்டுப் போயிட்டே இருப்போம், விளக்கம் கேக்க மாட்டோம்.

நம்ம விதி 4 அப்படியே எக்ஸ் கார்டு. மேசையில அது வேலை செய்யறதுக்குக் காரணம், அஞ்சு பேரும் ஒரே பக்கம், எதிரியை நடத்தறவரும் நம்ம ஆள்தான். அட்டையைத் தொட்டு யாரும் எதையும் ஜெயிக்கப் போறதில்ல. இங்க கஜானா இருக்கு, நிலம் இருக்கு, அறுபது பேர் போட்டி போடறாங்க. அதனால எக்ஸ் கார்டை அப்படியே கொண்டுவந்தா நிழல்நரி சொல்றதுதான் நடக்கும்.

என் யோசனை: ((நிறுத்து)) சொன்னா எழுத்து நிக்கணும், விளைவு நிக்கக் கூடாது. திரை மட்டும். கஜானாவுல திருடன் கை வெச்சப்ப நிறுத்தினா, சரி, வர்ணனை இல்ல, ரெண்டு பேரும் பகடையைப் போடு, போனது போச்சு இல்ல மாட்டினான் மாட்டினான். கைதியோட காட்சியில நிறுத்தினா கைதி கைதியாவே இருப்பா, ஆனா அந்த அறையில என்ன நடந்துச்சுன்னு யாரும் எழுத மாட்டாங்க.

#17 கடைசிக்கோட்டை

இது பிடிச்சிருக்கு. ((நிறுத்து)) போட்டு ஒண்ணும் லாபம் இல்லன்னா பொய்க்கு யாரும் போட மாட்டான்.

#18 சாம்பல்பறவை

பகடையே வேண்டாம்னு தோணினா? அதாவது அந்த விஷயமே வேண்டாம், முடிவு கூட வேண்டாம்னா?

#19 இரும்புக்கொக்கி

நல்ல கேள்வி. அது கோடு. அதை முன்னாடியே உங்க கேரக்டர் பக்கத்துல எழுதி வெச்சிடணும். “குழந்தைகளுக்குத் தீங்கு என் கதையில வராது” அந்த மாதிரி. பார்த்துட்டுத்தான் உங்க கூட காட்சி தொடங்கணும். பாலியல் வன்முறை யார் எழுதினாலும் எழுதாட்டியும் சர்வர் முழுக்கக் கோடுன்னு ஒரே வரியில போட்டுடலாம், அதுக்கு யாராவது மறுப்பு சொன்னா நான் வேற விதமா பேச வேண்டியிருக்கும்.

#20 மணிக்கூண்டு (நிர்வாகி)

அது போட்டாச்சு. விவாதம் இல்ல.

#21 ஓலைத்தூதன்

எல்லாரும் விதி 4-லயே நிக்கறீங்க. எனக்கு இடிக்கிறது 6. கடைசிக்கோட்டை ஒரு கில்டுத் தலைவர், ஜிஎம்மும் அவரே. நாளைக்கு அவர் கில்டு மேல நான் புகார் கொடுத்தா யார் விசாரிப்பா? வேலிக்கு ஓணான் சாட்சி.

(கடைசிக்கோட்டை, உங்க மேல தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. அந்தப் பாலத்தை எரிச்சதைத் தவிர.)

#22 கடைசிக்கோட்டை

பாலம் போர்த் தந்திரம் 😂 மத்தபடி நியாயம். நான் இருக்கிற காட்சி, என் கில்டு இருக்கிற காட்சி, ரெண்டுலயும் நான் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு எழுதிடுங்க. சொல்லப் போனா எனக்கும் நிம்மதி.

#23 சிலந்திவலை

இவ்ளோ எதுக்கு? லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் ஆட்டத்துல இருந்த மாதிரி ஆட்டக்காரங்களையே நடுவரா வெச்சிடலாமே. புகாரையும் சாட் லாகையும் (பேசினதோட பதிவு) காட்டுவாங்க, தண்டிக்கலாமா விடலாமான்னு ஓட்டு.

#24 பழைய_பூட்டு

அதற்கு ட்ரைப்யூனல் என்று பெயர். 2011-ல் தொடங்கி 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அங்கே கோடிக்கணக்கான பேர், ஓட்டுப் போடுகிறவருக்கும் குற்றவாளிக்கும் முகப் பழக்கமே கிடையாது. இங்கே அறுபது பேர். வெண்கலவாலின் லாகை அறுபது பேருக்கும் திறந்து காட்டி வாக்கெடுப்பு நடத்துவீர்களா? அவர் சொன்ன அந்த ஒரு வரி இன்னும் அறுபது திரைகளில் ஓடும்.

#25 சிலந்திவலை

யோசிக்கல. வேண்டாம்.

அப்ப இன்னொண்ணு. எல்லாரும் சொந்தப் பேர்ல வந்தா தன்னால ஒழுங்கா நடந்துப்பாங்க இல்லையா? முகமூடிதானே தைரியம் கொடுக்குது?

#26 தேர்ச்சக்கரம்

2010 ஜூலைல, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தை நடத்தற பிளிஸார்டு கம்பெனி அவங்க மன்றங்கள்ல நிஜப் பேர் கட்டாயம்னு அறிவிச்சுட்டு, வந்த எதிர்ப்பைப் பார்த்து மூணே நாள்ல பின்வாங்கினாங்க. நானும் அப்ப கத்தினவதான். என் பேர் வெளிய தெரிஞ்சா ஒழுங்கீனமா நடக்கிறவன் திருந்த மாட்டான், என் வீட்டைத் தேடி வருவான். பெண்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. அடுத்த யோசனை.

#27 ஓலைத்தூதன்

சர்வருக்கு வெளிய நடக்கிறது? இந்த விதிகள் எதுவரைக்கும் நீளும்? எவர்க்வெஸ்ட்ங்கிற ஆட்டத்தை நடத்தினவங்க 2000-ல ஒரு ஆட்டக்காரரை பேன் பண்ணினாங்க. அந்த உலகத்தை வெச்சு அவர் எழுதின வக்கிரமான கதை ஒண்ணுக்காக, அதுவும் ஆட்டத்துக்குள்ள இல்ல, வேற இடத்துல போட்ட கதை. பெரிய கொந்தளிப்பு ஆச்சு. நாளைக்கு நான் என் பக்கத்துல நம்ம உலகத்தைப் பத்தி இருட்டா ஒரு கதை எழுதினா பேனா?

#28 மணிக்கூண்டு (நிர்வாகி)

இல்ல. வெளிய எழுதற கதை எங்க வேலை இல்ல. ஆனா இங்க பழகின ஒருத்தரை வெளிய தனிச்செய்தியில தொல்லை பண்ணினா அது எங்க வேலை.

#29 கடைசிக்கோட்டை

இதுக்கு நடுவுல ஒரு சாம்பல் இடம் இருக்கு. 2006-ல வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்ல ஒரு ஆட்டக்காரர் நிஜமாவே இறந்துட்டார். கூட விளையாடினவங்க ஆட்டத்துக்குள்ளயே அஞ்சலிக் கூட்டம் வெச்சாங்க. எதிர் கில்டு வந்து அத்தனை பேரையும் வெட்டிச் சாய்ச்சு, அதை வீடியோவாவும் போட்டுச்சு. அது பிவிபி சர்வர், அதாவது ஆட்டக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் தாக்கலாம், அவங்க எந்த விதியையும் மீறல. இடத்தையும் நேரத்தையும் வெளிப்படையா அறிவிச்சுட்டு, ஆயுதம் இல்லாமக் கூடினது அவங்க தப்புன்னு இன்னிக்கும் வாதாடறவங்க இருக்காங்க. ஒரு காலத்துல நானும் அந்தக் கட்சி.

வெண்கலவால் எழுதினதைப் படிச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு. அங்க நின்னுட்டு இருந்தது கேரக்டர்கள் இல்ல. ஆளுங்க.

#30 கருங்கோபுரம்

கொடுங்கோலனை எழுதறவன் நான். நாலு நாளா இதைப் படிச்சுட்டு எழுதாம இருந்தேன்.

அந்த வரியைத் திட்டம் போட்டு எழுதல. காட்சி சூடு பிடிச்சப்ப எது குத்தும்னு மனசு தேடுச்சு, கையில கிடைச்சது அது. எங்கிருந்து வந்துச்சுன்னு அனுப்பினப்புறம்தான் உறைச்சுது. அப்பவே நிறுத்தியிருக்கணும். ((நிறுத்துங்க))னு பார்த்ததும் பயம் வந்துச்சு, அதை மறைக்க கேரக்டருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். “என் கேரக்டர் அப்படித்தான்”னு எழுதினப்ப கேரக்டர் பேசவே இல்ல, நான்தான் பேசினேன்.

வெண்கலவால்கிட்ட தனியா மன்னிப்பு எழுதி அனுப்பியிருக்கேன். பதில் போடணும்னு கட்டாயம் இல்ல. ஒரு மாசம் பேன் கொடுத்தா ஏத்துக்கறேன்.

விதியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. ((நிறுத்து))க்கு ஐசியில பதில் சொல்றதையே தடை பண்ணுங்க. அது வந்ததும் அடுத்த வரி ((சரி))யா மட்டும்தான் இருக்கணும். வேற வரி எழுத இடம் இருந்ததாலதான் நான் எழுதினேன்.

#31 பழைய_பூட்டு

இது நல்ல திருத்தம். சூட்டில் இருப்பவனிடம் யோசிக்கச் சொல்வதைவிட, ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிடுவது மேல்.

#32 மணிக்கூண்டு (நிர்வாகி)

மாத்தி எழுதினது இதோ. 1, 2, 5 அப்படியே.

விதி 3. ஓஓசியில தெரிஞ்சது உங்க கேரக்டருக்குத் தெரியாது. அடுத்தவர் தன் வாழ்க்கையைப் பத்திச் சொன்ன எதையும், பேரை மாத்தியும் கூட, காட்சிக்குள்ள அவர் மேல பிரயோகிக்கக் கூடாது.

விதி 4. ((நிறுத்து)) வந்தா அடுத்த வரி ((சரி)). அதுக்கப்புறம் வர்ணனை இல்ல. விளைவு பகடையில முடிவாகும், ரெண்டு பேரும் ஒரு வரியில எழுதிட்டு நகரலாம். காரணம் கேக்கக் கூடாது. கேரக்டர் பக்கத்துல கோடுன்னு எழுதி வெச்சிருக்கிற விஷயத்துக்குப் பகடையும் கிடையாது.

விதி 6. தான் அல்லது தன் கில்டு இருக்கிற காட்சியில எந்த ஜிஎம்மும் தீர்ப்பு சொல்ல மாட்டார். லாக் 30 நாள் இருக்கும், விசாரிக்கிற ஜிஎம்மும் புகார் கொடுத்தவரும் தவிர யாரும் பார்க்க முடியாது. திருப்தி இல்லன்னா இன்னொரு ஜிஎம்கிட்ட ஒரு தடவை மேல்முறையீடு. அதோட சரி.

கருங்கோபுரம், குற்றம் சாட்டப்பட்டவரும் லாகைப் பார்க்கலாமான்னு நானும் ஓலைத்தூதனும் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கோம், அது முடிஞ்சதும் 6 மாறலாம். உங்களுக்கு மூணு வாரம் பேன். புது விதியை முன்தேதி போட்டுப் பிரயோகிக்கல, ((நிறுத்துங்க))னு ரெண்டு தடவை வந்தும் தொடர்ந்ததுக்குப் பழைய ஒத்தை வரியே போதும்.

#33 வெண்கலவால்

செய்தி வந்துச்சு, படிச்சேன். இப்பதைக்குப் பதில் எழுதல.

ஒரு நடைமுறைச் சந்தேகம். என் கேரக்டர் இன்னும் மேற்கு வாயில்ல கட்டிப்போட்டபடியேதான் இருக்கா. ஒரு மாசமா. புது விதி 4 படி பார்த்தா விளைவு அப்படியே செல்லும் இல்லையா?

#34 நிழல்நரி

நான் திருடன். முடிச்சு அவிழ்க்கிறது என் தொழில். இன்னிக்கு ராத்திரி வரட்டுமா?

#35 வெண்கலவால்

ஒன்பதுக்கு மேல வாங்க. காவலுக்கு யாரையாவது போடுங்க, சும்மா நடந்து வெளிய வந்தா நல்லா இருக்காது.

#36 தேர்ச்சக்கரம்

நான் காவல் நிக்கறேன். வானிலை பேசிட்டே நிப்பேன்.

#37 மணிக்கூண்டு (நிர்வாகி)

முடிச்சுக்குப் பகடை உண்டு. 14-க்கு மேல விழணும். ஈரக் கயிறு.